கூடம் கோணலா, ஆட்டம் கோணலா?

(முன்னாள் மாணவர் சங்கக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த வருடக் கூடலில் மாணவர்களுக்கு உபயோகமாக ஏதாவது பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டுக் கொண்டார். 'வீடியோ கேமில் வரும் லேக்கும், ஹோஸ்ட்டைத் தேர்ந்தெடுக்கும் முறையும்' என்று தலைப்புக் கொடுத்தேன். "ஏம்ப்பா, சிப்காட்டுல இத்தனை வருஷம் வேலை பாக்குற, வேற தலைப்பே கிடைக்கலியா?" என்றார். கிடைத்தது சார். ஆனால் ஒரு என்ஜினீயர் தெரிந்து கொள்ள வேண்டிய ஒரு பெரிய விஷயத்தை இவ்வளவு சுலபமாக விளக்கக் கூடிய தலைப்பு வேறு கிடைக்கவில்லை. அதனால் பெரியவர்கள் கொஞ்சம் பொறுத்துக் கொள்ள வேண்டும்.

லேக் என்றதும் நம் ஊர் இராமநாயக்கன் ஏரியையோ, கிருஷ்ணகிரி டேமையோ நினைத்து விடாதீர்கள். இது தாமதம். நீங்கள் பட்டனை அழுத்துகிறீர்கள். அந்தச் செய்தி கம்பி வழியாக எங்கோ இருக்கிற இன்னொரு மிஷினுக்குப் போய், அங்கே தீர்ப்பாகி, பதில் திரும்பி வருகிறது. போய் வர ஆகும் நேரத்தைப் 'பிங்' என்கிறோம். மில்லிசெகண்டில் அளக்கிறோம். ஒரு செகண்டை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறு. அந்த நேரம் கூடினாலோ, ஒரு மாதிரியாக இல்லாமல் ஏறி இறங்கினாலோ, ஆடுகிறவன் "லேக் அடிக்குது" என்கிறான்.

தோற்றுப் போனவன் எல்லாருமே அப்படித்தான் சொல்கிறான் என்பது வேறு விஷயம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். வீட்டில் அம்மா அப்பா சொல்வதும் இதைத்தான். நான் கேட்பது ஒரே ஒரு கேள்வி: கூடம் நிஜமாகவே கோணலாக இருந்தால் என்ன செய்வது? அது கோணலா இல்லையா என்று அளந்து சொல்ல வேண்டியவன் யார்? கொத்தனார் இல்லாத கூடத்துக்கு என்ஜினீயர்தான் மட்டப்பலகை பிடிக்க வேண்டும்.

ஒளிக்கும் பஸ் டிக்கெட் உண்டு

முதலில் ஒரு மூட நம்பிக்கையை ஒழித்து விடுவோம். ஹாஸ்டல் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணா, நூறு எம்.பி.பி.எஸ். பிளான் போட்ருக்கோம், அப்பவும் ஏன் லேக் ஆகுது?" நூறு எம்.பி.பி.எஸ். என்பது ரோட்டின் அகலம். பிங் என்பது ரோட்டின் நீளம். ஓசூரிலிருந்து சென்னைக்குப் போகிற ரோட்டை ஆறு வழியாக்கினாலும், இருபது வழியாக்கினாலும், சென்னை 300 கிலோமீட்டருக்கு அப்பால்தான் இருக்கும். கிட்டே வந்து விடாது.

கண்ணாடி இழைக்குள் ஒளி செகண்டுக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகிறது. வெற்றிடத்தில் போவதில் மூன்றில் இரண்டு பங்கு. ஆயிரம் கிலோமீட்டருக்கு 5 மில்லிசெகண்ட். போய் வர 10. இது இயற்கை போட்ட கட்டணம். எந்தக் கம்பெனியும் இதில் தள்ளுபடி கொடுக்க முடியாது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே 2002ல் போட்ட ஐ-டூ-ஐ கடலடி கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். போய் வர குறைந்தபட்சம் 32 மில்லிசெகண்ட். லண்டன், நேர்கோட்டில் பார்த்தாலே சுமார் 8,000 கிலோமீட்டர். போய் வர 80. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, வழியில் எத்தனையோ ரூட்டர்கள், ஆகவே நிஜத்தில் வருவது இதைவிட நிறையவே கூடுதல்.

கேம் திரையில் செகண்டுக்கு 60 படம் ஓடுகிறது என்றால் ஒரு படத்துக்கு 16.7 மில்லிசெகண்ட். 100 மில்லிசெகண்ட் பிங் உள்ளவன் ஆறு படம் பின்னால் நிற்கிறான். எதிராளி கதவைத் தாண்டிப் போய் விட்டான். இவன் திரையில் அவன் இன்னும் கதவில் நிற்கிறான்.

நீளம் ஒரு பாதி. நெரிசல் மறு பாதி. இதை ஓசூர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். இங்கிருந்து பெங்களூர் 40 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஒரு மணி நேரத்துக்குள் போய் விடலாம். திங்கட்கிழமை காலையில் அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு எல்லாம் தாண்டி எப்போது போய்ச் சேருவோம் என்று யாராவது உறுதியாகச் சொல்ல முடியுமா? தூரம் மாறவில்லை, வரிசை மாறியது. நெட்வொர்க்கிலும் அதே கதைதான். அறையில் ஒருவர் பெரிய ஃபைலை மேலேற்றிக் கொண்டிருந்தால், உங்கள் சின்ன பாக்கெட் அவருடைய லாரிகளுக்குப் பின்னால் நிற்கும். ஆட்டக்காரனுக்கு எப்போதும் 60 என்று நிற்கும் பிங் பரவாயில்லை. 20க்கும் 150க்கும் நடுவில் குதிக்கிற பிங்தான் ஆளைக் கொல்லும். 60 என்றால் கை பழகிக் கொள்ளும். குதிரைக்குக் கை பழகாது.

நடுவரும் அவரே, பேட்ஸ்மேனும் அவரே

இனி ஹோஸ்ட் விஷயத்துக்கு வருகிறேன். பத்துப் பேர் பத்து ஊரிலிருந்து ஆடுகிறார்கள். ஒவ்வொரு திரையும் கொஞ்சம் கொஞ்சம் பழைய காட்சியைக் காட்டுகிறது. யார் முதலில் சுட்டது என்று யாராவது ஒருவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அந்தத் தீர்ப்புச் சொல்கிற மிஷின்தான் ஹோஸ்ட்.

எக்ஸ்பாக்ஸ் லைவ் 2002ல் வந்தது. 2004ல் வந்த ஹேலோ 2, 2007ல் வந்த கால் ஆஃப் டியூட்டி 4 போன்ற கன்சோல் கேம்களில் தனியாக சர்வர் வாடகைக்கு எடுத்துக் கொள்ளாமல், ஆடுகிறவர்களில் ஒருவருடைய கன்சோலையே ஹோஸ்ட்டாக்கினார்கள். கம்பெனிக்குச் செலவு மிச்சம். ஆனால் என்ன ஆயிற்று? நம் தெருக் கிரிக்கெட்டில் பேட்டிங் செய்கிறவனே அம்பயராகவும் நிற்பது போல ஆயிற்று. ஹோஸ்ட் வீட்டில் இருக்கிறவனுக்குப் பிங் பூஜ்யம். அவன் அழுத்தியதும் தீர்ப்பு. மற்றவனுக்குப் பிங் 100 என்றால் அவன் அழுத்தியது தீர்ப்பு மேஜைக்கு வந்து சேரவே 50 மில்லிசெகண்ட். அதற்குள் அவன் கதை முடிந்து விடும். கியர்ஸ் ஆஃப் வார் முதல் பாகத்தில், 2006ல், கிட்டத்தில் நின்று ஷாட்கன்னால் சுடும் சண்டையில் ஹோஸ்ட்டாக வாய்த்தவனுக்கு இருந்த சாதகம் ஆட்டக்காரர்கள் நடுவில் பெரிய புகாராகவே இருந்தது. 2011ல் மூன்றாம் பாகம் வந்தபோது தனி சர்வர்கள் கொடுத்தார்கள்.

நடுவர் நாணயமானவராக இருந்தால் இந்தக் கதி. இல்லாவிட்டால்? ஹேலோ 2 காலத்தில் சில பேர் ஹோஸ்ட்டாக வாய்த்ததும் மோடத்தில் இருக்கிற ஸ்டாண்ட்பை பட்டனை ஒரு கணம் அழுத்துவார்கள். மற்ற எல்லாரும் உறைந்து போவார்கள். ஹோஸ்ட் மட்டும் நிதானமாக நடந்து போய் ஒவ்வொருவரையும் கணக்குத் தீர்ப்பான். இதற்கென்றே ஒயரில் சுவிட்ச் வைத்து 'லேக் சுவிட்ச்' என்று பெயரும் வைத்தார்கள்.

ஹோஸ்ட் பாதியில் எழுந்து போய் விட்டால்? கால் ஆஃப் டியூட்டி 4ல் ஆட்டமே கலைந்து விடும். 2009ல் வந்த மாடர்ன் வார்ஃபேர் 2ல் 'ஹோஸ்ட் மைக்ரேஷன்' என்று ஒன்று கொண்டு வந்தார்கள். நடுவர் எழுந்து போனதும் ஆட்டம் அப்படியே நிற்கும். மீதி இருப்பவர்களில் ஒருவரை நடுவராக்கி, விட்ட இடத்திலிருந்து தொடரும். என் பேட்ச் நண்பர்களுக்கு அந்தக் காத்திருக்கும் திரை நன்றாக ஞாபகம் இருக்கும். எல்லாரும் மூச்சைப் பிடித்துக் கொண்டு உட்கார்ந்திருப்போம்.

தாமதம் யார் தலையில்?

லேக்கை மறைக்க வழி இல்லையா என்றால், உண்டு. மிகவும் சாமர்த்தியமான வழிகள். 1996ல் குவேக்வேர்ல்டு கேமில் ஜான் கார்மாக் ஒரு வேலை செய்தார். சர்வர் பதில் சொல்லும் வரை காத்திராமல், உங்கள் மிஷினே "இவர் முன்னால் நடந்திருப்பார்" என்று ஊகித்து உடனே காட்டி விடும்; பதில் வந்த பிறகு திருத்திக் கொள்ளும். அடுத்து வால்வ் நிறுவனத்தின் யான் பெர்னியர் 2001ல் எழுதிய கட்டுரையில் இன்னொரு முறையை விளக்கினார். நீங்கள் சுட்ட செய்தி சர்வருக்கு வந்ததும், சர்வர் காலத்தைக் கொஞ்சம் பின்னோக்கிச் சுழற்றி, நீங்கள் சுட்ட நேரத்தில் உங்கள் திரையில் என்ன தெரிந்ததோ அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மறுபக்கம் பாருங்கள். செகண்டுக்கு 6 மீட்டர் ஓடுகிறவன் 100 மில்லிசெகண்டில் 60 சென்டிமீட்டர் போய் விடுவான். அவன் சுவருக்குப் பின்னால் பத்திரமாக ஒதுங்கி விட்டான். சர்வர் காலத்தைப் பின்னால் சுழற்றி, "நீ சுவருக்கு வெளியே நின்றபோதே குண்டு பட்டு விட்டது" என்று தீர்ப்புச் சொல்கிறது. சுட்டவனுக்கு நியாயம் கிடைத்தது. ஒதுங்கினவனுக்கு அநியாயம் நடந்தது. தாமதம் எங்கேயும் போகவில்லை. சுட்டவன் தலையிலிருந்து செத்தவன் தலைக்கு மாறியது, அவ்வளவுதான்.

வேறு முறைகளிலும் இதே கணக்குத்தான். 1997ல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் நடுவரே கிடையாது. எல்லா மிஷினும் ஒரே கணக்கைப் போடும். எல்லாருடைய கட்டளையும் வந்து சேர்ந்த பிறகே அடுத்த அடி. கல்யாணப் பந்தியில் கடைசி இலைக்குச் சாதம் விழும் வரை யாரும் கை வைக்கக் கூடாது என்பது மாதிரி. நியாயம்தான். ஆனால் ஒருவர் மெதுவாக இருந்தால் பந்தி முழுவதும் காத்திருக்கிறது. தாமதத்தை எல்லாரும் சமமாகச் சுமக்கிறார்கள். சண்டை கேம்களுக்காக டோனி கேனன் உருவாக்கிய ஜி.ஜி.பி.ஓ. என்ற 'ரோல்பேக்' முறையில் எதிராளி என்ன செய்வான் என்று ஊகித்து ஆட்டத்தை ஓட்டி, ஊகம் தப்பினால் சில படங்கள் பின்னே போய்த் திருத்திக் கொள்கிறார்கள். 2019ல் அதை எல்லாரும் பயன்படுத்தும்படி திறந்து விட்டார். அங்கே தாமதத்தைச் சுமப்பது நம் கண். படம் அவ்வப்போது துள்ளும்.

ஆகவே நண்பர்களே, நான் இன்று சொல்ல வந்தது இதுதான். தாமதத்தை யாராலும் ஒழிக்க முடியாது. அதை யார் சுமப்பது என்று மட்டுமே முடிவு செய்ய முடியும். ஹோஸ்ட்டைத் தேர்ந்தெடுப்பது என்றால் அந்த முடிவை எடுப்பது என்று அர்த்தம்.

ஐந்து பேர், ஒரு நாற்காலி

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை. ஐந்து பேர் ஆடுகிறார்கள். ஓசூர், கோவை, மும்பை, சிங்கப்பூர், துபாய். சிங்கப்பூர்க்காரரிடம் இருப்பதிலேயே வேகமான இணைப்பு. "பெரிய கை, அவரையே ஹோஸ்ட் ஆக்குங்கப்பா" என்று தோன்றும். ஆக்கினால் ஓசூருக்கு 50, கோவைக்கு 55, மும்பைக்கு 70, துபாய்க்கு 100. மொத்தம் 275, மிகவும் கஷ்டப்படுகிறவருக்கு 100. மும்பையை ஆக்கினால் ஓசூருக்கு 30, கோவைக்கு 35, துபாய்க்கு 40, சிங்கப்பூருக்கு 70. மொத்தம் 175, அதிகபட்சம் 70. ஓசூரை ஆக்கினால் கோவைக்கு 20, மும்பைக்கு 30, சிங்கப்பூருக்கு 50, துபாய்க்கு 70. மொத்தம் 170, அதிகபட்சம் அதே 70.

ஆக நல்ல நடுவர் ஓசூர்க்காரர்தான், ஒரு நூலிழை வித்தியாசத்தில். வேகமான இணைப்பு உள்ளவரைத் தேடாமல், எல்லாருக்கும் நடுவில் இருப்பவரைத் தேடினால் இந்த விடை வருகிறது. அதிலும் 'கடைசியில் இருப்பவனுக்கு எவ்வளவு கஷ்டம்' என்பதை முதலில் பார்க்க வேண்டும், சராசரியைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம்.

ஆனால் ஓசூர்க்காரர் ஹோஸ்ட் ஆகிவிட முடியுமா? இரண்டு தடைகள். முதலாவது, மேலேற்றும் வேகம். ஹோஸ்ட் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்தி அனுப்ப வேண்டும். ஆளுக்கு 64 கே.பி.பி.எஸ். என்று வைத்துக் கொண்டால், எட்டுப் பேர் ஆட்டத்தில் ஏழு பேருக்கு 448. நம் நாட்டின் 2004ஆம் வருட பிராட்பேண்ட் கொள்கையில் 256 கே.பி.பி.எஸ். இருந்தாலே அது பிராட்பேண்ட். 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் வந்ததும் நாமெல்லாம் எவ்வளவு சந்தோஷப்பட்டோம்! 2006ல் எக்ஸ்பாக்ஸ் 360 இந்தியாவுக்கு வந்தது. அந்த 256ஐ வைத்துக் கொண்டு எட்டுப் பேருக்கு ஹோஸ்ட்டாக இருக்க வழியே இல்லை. ஆக, நம் பையன்கள் எப்போதும் யாரோ ஒரு வெளியூர்க்காரர் வீட்டு நடுவரிடம்தான் ஆடினார்கள். அதே 2006ல் டிராய் போட்ட தர விதியில், இணைய நிறுவனத்தின் வாசலிலிருந்து நாட்டுக்குள் இருக்கும் சந்திப்புக்கு 120 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் போதும். வெளிநாட்டுச் சந்திப்புக்குத் தரைவழியே 350க்குள் இருந்தால் போதும். மெயில் அனுப்பவும் பேப்பர் படிக்கவும் அது தாராளம். துப்பாக்கி ஆட்டத்துக்கு அது தோல்விச் சான்றிதழ்.

இரண்டாவது தடை இன்றைக்கும் இருக்கிறது. இணைய நிறுவனங்கள் பல, ஒரே பொது முகவரியை நிறைய வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. அபார்ட்மெண்ட் வாசல் வாட்ச்மேன் மாதிரி. உள்ளேயிருந்து போகிறவரை விட்டு விடுவார், வெளியேயிருந்து புதிதாக ஒருவர் வந்தால் "யாரைப் பாக்கணும்?" என்று திருப்பி அனுப்பி விடுவார். கன்சோலில் 'நேட் டைப்: ஸ்ட்ரிக்ட்' என்று வந்தால் அர்த்தம் இதுதான். எல்லாத் தகுதியும் இருந்தும் நீங்கள் ஹோஸ்ட் நாற்காலியில் உட்கார முடியாது.

எல்லை ஊரின் வழி

இப்போது நிலைமை எவ்வளவோ மாறி விட்டது. மைக்ரோசாஃப்ட் 2015ல் சென்னை, மும்பை, புனேயில் தன் அஷூர் மையங்களைத் திறந்தது. அமேசான் 2016ல் மும்பையில் திறந்தது. இப்படி நாட்டுக்குள்ளேயே மையங்கள் வந்ததால், ஆடுகிறவர் யாரையும் நடுவராக்காமல் தனி சர்வரையே நடுவராக்குவது சுலபமாயிற்று. வாலரன்ட் கேமுக்கு 2020ல் மும்பையில் சர்வர் வந்தது. அது அப்போது கம்ப்யூட்டர் கேமாக மட்டுமே இருந்தது என்றாலும் உதாரணத்துக்குச் சொல்கிறேன்.

ஆனாலும் ஓசூருக்கு ஒரு தனிக் குணம் உண்டு. நாம் தமிழ்நாடு தொலைபேசி வட்டத்தின் விளிம்பில் இருக்கிறோம். ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளியில் கால் வைத்தால் கர்நாடக வட்டம். ரோமிங் கட்டணம் இருந்த காலத்தில் அந்தப் பக்கத்து டவர் நம் போனைப் பிடித்துக் கொண்டு காசைக் கரைத்ததை மறந்திருக்க மாட்டீர்கள். நிலத்தில் பெங்களூர் பக்கம். நெட்வொர்க்கில் அது பக்கமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. நீங்கள் ஓசூரில், உங்கள் நண்பர் 20 கிலோமீட்டரில் எலக்ட்ரானிக் சிட்டியில். இருவரும் வெவ்வேறு கம்பெனி இணைப்பு. இரண்டு கம்பெனிகளும் சென்னையிலோ மும்பையிலோதான் கை குலுக்கிக் கொள்கின்றன என்றால், உங்கள் பாக்கெட் அங்கே போய்த்தான் திரும்பி வரும். ஒரு காலத்தில் இதைவிட மோசம். இந்தியாவுக்குள் அனுப்பும் செய்தியே வெளிநாடு சுற்றி வந்தது. அதைத் தவிர்க்கத்தான் 2003ல் நிக்ஸி என்ற சந்திப்பு அமைப்பை ஏற்படுத்தினார்கள்.

இதை என் பேச்சைக் கேட்டு நம்ப வேண்டாம். இன்று ராத்திரி ஹாஸ்டலில் 'ட்ரேஸ்ரூட்' போட்டுப் பாருங்கள். எந்தெந்த ஊர் வழியாகப் போகிறது, ஒவ்வொரு இடத்திலும் எத்தனை மில்லிசெகண்ட் என்று ஓரளவு தெரிந்து விடும். அதுதான் நான் சொன்ன மட்டப்பலகை.

ஆலைக்குள் இதே ஆட்டம்

"சரி, விளையாட்டில் தோற்றால் என்ன குடி முழுகிப் போய் விடும்?" என்று பெரியவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதே கணக்கு சிப்காட்டில் எங்கே வருகிறது என்று சொல்கிறேன்.

பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவர்களுக்கு லைட் கர்ட்டன் தெரியும். ஒளித்திரையைக் கை கடந்தால் பிரஸ் நிற்க வேண்டும். அந்தத் திரையை டையிலிருந்து எவ்வளவு தூரத்தில் பொருத்துவது? ஐ.எஸ்.ஓ. 13855 தரத்தில் சூத்திரம் இருக்கிறது. கையின் வேகம் செகண்டுக்கு 2 மீட்டர் என்று வைத்து, திரை உணர்ந்ததிலிருந்து பிரஸ் முழுவதும் நிற்கும் வரை ஆகும் நேரத்தால் பெருக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு கூடுதல் தூரமும் சேர்க்க வேண்டும். ஆக அந்த நேரத்தில் 100 மில்லிசெகண்ட் கூடினால் திரை இன்னும் 20 சென்டிமீட்டர் தள்ளிப் போக வேண்டும். பிரேக் தேய்ந்து போய் தாமதம் கூடி, திரையை மட்டும் யாரும் தள்ளி வைக்கவில்லை என்றால், அந்த வித்தியாசத்தைச் சுமப்பது ஆபரேட்டரின் விரல். விளையாட்டில் ஒரு உயிர் போனால் அடுத்த ரவுண்டில் திரும்பி வரும். விரல் வராது.

இன்று எல்லா மிஷினையும் கிளவுடில் இணைக்கச் சொல்கிறார்கள். நல்லதுதான். உற்பத்திக் கணக்கு, கரண்ட் கணக்கு, வைப்ரேஷன் அளவு எல்லாம் எங்கே வேண்டுமானாலும் போகட்டும். ஆனால் நிறுத்து என்கிற தீர்ப்பைச் சொல்கிற நடுவர் மிஷின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். 2008 ஜனவரியில் எகிப்தின் அலெக்ஸாண்டிரியா பக்கத்தில் கடலடி கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவின் இணையமே திணறியது. எங்கோ கடலில் கேபிள் அறுந்தால் மூக்கண்டப்பள்ளியில் ஒரு கன்வேயர் நிற்காமல் ஓடலாமா?

இன்னொன்று. ஆலை நெட்வொர்க்கில் சுவிட்சுகள் தங்களுக்குள் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கின்றன. 1985ல் ரேடியா பெர்ல்மன் என்ற அம்மையார் வகுத்த ஸ்பேனிங் ட்ரீ முறை. நீங்கள் முன்னுரிமை எதுவும் கொடுக்காவிட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே எண். அப்போது யாருடைய மேக் முகவரி சிறியதோ அவர் தலைவர். ஒரே கம்பெனி சுவிட்சுகளில் சிறிய முகவரி பெரும்பாலும் பழைய பெட்டிக்குத்தான் இருக்கும். ஸ்டோர் ரூம் மூலையில் தூசி படிந்து கிடக்கும் சுவிட்ச் ஆலை முழுவதற்கும் நாட்டாமை ஆகி விடும். யாரும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. யாரும் தேர்ந்தெடுக்காததால்தான் அது வந்து உட்கார்ந்தது. ஹோஸ்ட்டை நாம் யோசித்துத் தேர்ந்தெடுக்காவிட்டால் அது தானாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொள்ளும். அது நமக்குச் சாதகமாக இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

தம்பி தங்கைகளுக்குச் சில வார்த்தைகள்

ஒன்று, கன்சோலை வைஃபையில் விடாமல் கேபிளில் போடுங்கள். ஐம்பது பேர் இருக்கும் ஹாஸ்டல் மாடியில் வைஃபை ஒரு சந்தைக்கடை. இரண்டு, டி.வி.யில் 'கேம் மோட்' இருந்தால் போடுங்கள். படத்தை அழகுபடுத்த டி.வி. எடுத்துக் கொள்ளும் நேரமும் உங்கள் கணக்கில்தான் ஏறுகிறது. நீங்கள் திட்டுவது நெட் கம்பெனியை. மூன்று, ரூட்டரில் வரிசையை ஒழுங்குபடுத்தும் வசதி இருந்தால் உபயோகியுங்கள். 2012ல் வந்த கோடெல் போன்ற முறைகள் அதற்காகவே பிறந்தவை. நான்கு, நேட் ஸ்ட்ரிக்ட் என்று வந்தால் நிறுவனத்திடம் தனிப் பொது முகவரி கிடைக்குமா என்று கேளுங்கள். ஐந்து, கல்லூரி விழாவில் போட்டி நடத்தினால், ஒரே அறையில் உட்கார்ந்து கொண்டு மும்பை சர்வர் வழியாக ஆடாதீர்கள். அந்த கேமில் லோக்கல் நெட்வொர்க் வசதி இருந்தால் ஒரே சுவிட்சில் எல்லாரையும் இணையுங்கள். பிங் ஒரு மில்லிசெகண்டுக்குள் வந்து விடும். கூடம் மட்டமாக இருக்கும். அதன் பிறகு தோற்றவன் வாயைத் திறக்க முடியாது.

ஆறாவது கொஞ்சம் பெரிய விஷயம். நீங்கள் நாளைக்கு ஒரு சிஸ்டத்தை வடிவமைக்கும் இடத்துக்கு வருவீர்கள். ஆலையில், பாங்கியில், ஆஸ்பத்திரியில், எங்கேயோ. அங்கேயும் ஒரு தாமதம் இருக்கும். அதை யாராவது சுமப்பார்கள். உங்கள் ஆபீஸில் உட்கார்ந்து டெஸ்ட் செய்யும்போது எல்லாம் ஜோராக இருக்கும். ஏனென்றால் நீங்கள் ஹோஸ்ட் வீட்டில் இருக்கிறீர்கள். உங்களுக்குப் பிங் பூஜ்யம். தளியிலோ, அஞ்செட்டியிலோ, ஒற்றைக் கோடு சிக்னலை வைத்துக் கொண்டு அதே சிஸ்டத்தின் முன் நிற்கிறவரையும் ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். அவர் பட்டனை அழுத்தி விட்டுக் காத்திருப்பார். ஒன்றும் நடக்காது. மறுபடி அழுத்துவார். "எனக்குத்தான் இதெல்லாம் தெரியலை போல" என்று தன்னையே நொந்து கொள்வார். அவருக்கு ஆடத் தெரியும். கூடம் கோணல். கட்டினது நாம்.

அதை அளந்து சொல்லவும் திருத்தவும் இந்தக் கல்லூரி நமக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறது. அந்தக் கடனைத் தீர்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.